மன்றம் கேட்டுக்கொள்கிறது

இருந்த இடத்திலிருந்து ஓரடி நகராமல் இரண்டு முறை மாநிலம் மாறிய ஊர் பொதட்டூர்பேட்டை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஊர் அதற்குள் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அங்கே போனது. ஊரும் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளோடு மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் தெருவும் தறியும் கிணறும் அப்படியேதான் இருந்தன. வரி எங்கே கட்டுவது, பிள்ளை எந்த மொழியில் பள்ளிப் பாடம் படிப்பது, மனு எந்த ஊர்க் கோட்டைக்குப் போவது என்பவை மட்டும் மாறின.

இந்தத் திரும்புதல் தானாக நடக்கவில்லை. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், அதற்கு இந்தப் பகுதியிலேயே தளம் அமைத்துக் கொடுத்த மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் ஆகியோரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை, எல்லையோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டார். அந்தக் கோட்டை நாடாளுமன்றம் 1959இல் சட்டமாக்கியது. சுருங்கச் சொன்னால், இந்த வட்டாரம் மேலே இருக்கும் அரசைப் பார்த்து ‘எங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும்’ என்று கேட்டது, பெற்றும் கொண்டது. தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லிக்கொள்ள முடிகிற பகுதிகள் அதிகமில்லை.

அந்தக் கணக்கில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், பெரும்பான்மையை உண்டாக்கிய தலைகளில் சரிபாதியாக இருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழி என்ற கட்டத்தில் அவர்களும் ஒவ்வொரு எண். எல்லைப் போராட்ட நூல்களில் பெயரோடு நிற்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். தாய்மொழி என்ற சொல்லை மேடையில் அத்தனை முறை சொன்ன ஒரு போராட்டத்தில், வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுத்த தாய் என்ன கேட்டிருப்பாள் என்பதைத் தேடிப்போனால் கைக்கு அகப்படுவது சொற்பம். இந்தக் கட்டுரை எல்லையைப் பற்றியதல்ல. ஒரு சிற்றூர் தன் அரசிடம் என்ன சட்டம் கேட்கிறது, அதைக் கேட்பவர் யார், கேட்கவேண்டியவை என்னென்ன என்று பட்டியல் போடுபவர் யார் என்பதைப் பற்றியது.

அமெரிக்காவில் புறநகர் நகரமன்றங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்பு நகரமன்றம் உட்கார்ந்து, இந்த ஆண்டு சட்டமன்றத்திடம் நாம் எவற்றைக் கேட்கப்போகிறோம், எவற்றை எதிர்க்கப்போகிறோம் என்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்கும். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்வார்கள். பட்டியல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, அந்தப் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் கைக்குப் போகும். அதிலும் பணக்காரர் குரல்தான் உரக்கக் கேட்கும் என்பதை மறப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு விஷயம் முக்கியம்: ‘என்ன கேட்பது’ என்பதே அங்கே ஒரு தனிக் கூட்டப்பொருள்.

நம் பேரூராட்சிகளில் அப்படி ஒரு கூட்டம் கிடையாது. தீர்மானம் உண்டு. செயல் அலுவலர் தயாரிக்கும் கூட்டப்பொருள் நிரலில் சாலை, தெருவிளக்கு, மின்மோட்டார் பழுது, குப்பை வண்டி டயர், வரவு செலவு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது’ என்று இருக்கும். அடுத்து, ‘தீர்மானம்: ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’. எப்போதாவது மாநில அரசிடம் கேட்கும் தீர்மானம் வரும்போது வாக்கியம் மாறும்: ‘அரசை இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது’. பிறகு அந்தத் தாள் உதவி இயக்குநர் அலுவலகம், பேரூராட்சிகளின் இயக்குநரகம், நகராட்சி நிர்வாகத் துறைச் செயலகம் என்று படியேறும். எந்தப் படியில் அது நின்றுவிட்டது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியப்படுத்தவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

முதுகலை வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது இந்த வாக்கியங்களை நான் கரும்பலகையில் எழுதுவதுண்டு. ‘வைக்கப்படுகிறது’, ‘நிறைவேற்றப்பட்டது’ ஆகியவை செயப்பாட்டுவினை. எழுவாய் எங்கே, வைத்தது யார் என்று கேட்பேன். ‘கேட்டுக்கொள்கிறது’ செய்வினைதான், எழுவாய் ‘மன்றம்’. மன்றம் அஃறிணை. ஆக, இந்த மொழியில் ஒரு பெண் ஒரு தேவையைக் கேட்டாள் என்று எழுத வழியே இல்லை. ஓர் ஆண் கேட்டான் என்று எழுதவும்தான் வழியில்லை. ஆனால் ஆண்களுக்கு வேறு வழிகள் எப்போதும் திறந்திருந்தன: கட்சி அலுவலகம், தறி உரிமையாளர் சங்கம், சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திண்ணை, கோயில் அறங்காவலர் குழு. இவை எதுவும் இல்லாதவளுக்கு இருப்பது இந்தத் தீர்மானப் புத்தகம் மட்டும்.

உள்ளாட்சி என்றவுடன் நம் பேச்சாளர்கள் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, தேர்தல் விதிகள். பெருமைப்படலாம், தவறில்லை. அதே கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதி உடையவர் யார் என்றும் சொல்கிறது. வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் கற்றிருக்கவேண்டும். பெண் கூடாது என்று அதில் தனியாக எழுதத் தேவை இருக்கவில்லை. அந்தத் தகுதிகளே வாசலில் நின்று அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஊராட்சி அமைப்பைப் பற்றி அறிக்கை கொடுத்தது. ஒன்றிய அளவிலான சமிதியில், பெண்கள், குழந்தைகள் நலப்பணியில் ஆர்வமுள்ள இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஆணுக்கு ஆர்வம் பற்றிய நிபந்தனை இல்லை. ஓட்டு வாங்கினால் போதும். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பின்பும், சட்டம் பெண்ணைப் பிரதிநிதியாகப் பார்க்காமல் நலப்பணியாளராகவே பார்த்தது. இந்தப் பார்வை இன்னும் போகவில்லை. பெண் கவுன்சிலர் எழுந்து அங்கன்வாடியைப் பற்றிப் பேசினால் மன்றம் கேட்கும். ஒப்பந்தப்புள்ளியைப் பற்றிப் பேசினால், ‘உட்காரும்மா, அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள்.

1992இல் அரசமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தன. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீட்டோடு முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அப்போது உள்ளே வந்தவர்களில் ஒருவர் மதுரை வில்லாபுரத்தின் லீலாவதி. கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். குடிநீரைக் குடம் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தவர்களின் பிடியிலிருந்த ஒரு பகுதிக்கு மாநகராட்சிக் குடிநீரைக் கொண்டுவந்தார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மன்றத்தில் உட்கார்ந்து ஆறுமாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒதுக்கீட்டின் முதல் ஆண்டை நாம் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கவேண்டியிருக்கிறது. லீலாவதி கேட்டது பெரிய சட்டமல்ல, தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீரை யார் விற்கலாம் என்ற கேள்விக்குள் அவர் கைவைத்தார்.

பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களின் கதையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊர் என்பது சட்டப்படி என்ன என்பதிலேயே அரசு நிலையாக இல்லை. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில், ஐயாயிரம் மக்கள்தொகையும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வருமானமும் இருந்தால் பேரூராட்சி. 1981இல் இவற்றுக்கெனத் தனி இயக்குநரகம். 74ஆம் திருத்தத்துக்குப் பிறகு நகர்ப்புற அமைப்பு. 2004இல் ஓர் அரசு இவற்றைச் சிறப்புச் சிற்றூராட்சிகள் ஆக்கியது. 2006இல் அடுத்த அரசு மறுபடியும் பேரூராட்சிகள் ஆக்கியது. 1998இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களும் ஊரைக் கேட்டு நடக்கவில்லை. இவற்றில் பெண்களுக்கு ஏற்பட்ட இழப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். சிற்றூராட்சியில் கிராமசபை உண்டு. ஊரில் ஓட்டுரிமை உள்ள எந்தப் பெண்ணும் ஜனவரி 26 அன்றோ ஆகஸ்ட் 15 அன்றோ எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். பேரூராட்சியில் நெடுங்காலம் அதற்கு இணையாக ஒன்று இல்லை. மூன்று லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரத்துக்குத்தான் வார்டு குழுவை அரசமைப்புக் கட்டாயமாக்கியது. மாநகரமும் அல்லாமல் கிராமமும் அல்லாமல் நடுவில் நிற்கும் ஊர்ப்பெண், தன் வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டுவதோடு சரி. பகுதி சபை என்ற ஏற்பாடு வந்ததே 2022இல்தான்.

அந்த வீட்டுக் கதவும் ஐந்தாண்டுக்கு மேல் மூடியிருந்தது. 2016 பிப்ரவரியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புற மன்றங்களுக்குத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. பாதி இடம் உனக்கு என்று சொல்லிவிட்டு, அந்த இடம் இருக்கும் அறையையே ஐந்தேகால் ஆண்டு பூட்டி வைத்தார்கள். அந்த நாட்களில் மன்றம் செய்யவேண்டிய வேலையைத் தனி அலுவலர் ஒருவரே செய்தார். கூட்டமே இல்லாத இடத்தில் ஏகமனதுக்குக் குறைவில்லை.

2022இல் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளில் மன்றங்கள் வந்தன. 21 மேயர்களில் 11 பேர் பெண்கள். ஐம்பது விழுக்காட்டின் முழு எடை முதல்முறையாக நகர்ப்புறத்தில் இறங்கிய ஆண்டு அது. கணவரே நாற்காலியில் உட்கார்கிறார் என்ற கேலி அப்போதே தொடங்கிவிட்டது. அந்தக் கேலியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படி நடக்கிறது என்பது உண்மை. ஆனால் கணவர் நாற்காலியில் உட்காராத இடங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அங்கேயும் கூட்டப்பொருளைத் தயாரிப்பவர் வேறொருவர். நாற்காலி கைமாறியது, நிரல் கைமாறவில்லை.

ஊரின் தறிகளை வைத்து இதைப் பார்க்கலாம். பொதட்டூர்பேட்டை நெசவு ஊர்; இன்று விசைத்தறி ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் இதே தறி, இதே சத்தம். இந்தத் தறிகள் மாநில அரசிடம் கேட்டு வாங்கிய மிகப் பெரிய சலுகை மின்சாரம். 2006இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று வந்தது. 2016இல் அது 750 ஆனது; 2023இல் 1000. இது சாதாரண விஷயமல்ல. கூலி தேங்கிப் போன தொழிலில் எத்தனையோ வீடுகளின் உலை எரிவது இதனால்தான். தறி உரிமையாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடி வாங்கியது இது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் யூனிட் மின்இணைப்புக்குப் போகிறது. மின்இணைப்பு ஒரு பெயரில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அநேகமாக அந்தப் பெயரில். அந்தத் தறிக்குத் தார் சுற்றுபவள், அறுந்த இழையைப் பிணைப்பவள், பாவு பிணைக்கும்போது மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருப்பவள், நெய்த துணியை மடித்து அடுக்குபவள், இவர்களுக்குத் தனி மீட்டர் இல்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், கவர்மெண்ட்டிடம் ஊர் சார்பாக ஒரு விஷயம் கேட்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ‘எங்களெ யாரும்மா கேக்கச் சொல்றாங்க? அவங்க யூனிட்டு கேக்குறாங்க. தாரு சுத்துறவளுக்கு ஏது யூனிட்டு?’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘முதுகு வலிக்கு எதனா தருவாங்களா, கேட்டுப் பாரு’ என்று சிரித்தார்.

சிரிப்புக்குள் இருப்பது ஒரு சட்டக் கேள்வி. வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலை தொழிலா, குடும்ப உதவியா? கைத்தறியில் இதற்கு ஒரு விடை வந்துவிட்டது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நெய்பவர்களோடு தார் சுற்றுதல் போன்ற துணை வேலை செய்பவர்களையும் எண்ணியது. ஏறத்தாழ 35 லட்சம் பேரில் 72 விழுக்காட்டினர் பெண்கள். எண்ணினால் இருக்கிறார்கள், எண்ணாவிட்டால் இல்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொழில்வாரியாக நலவாரியங்கள் இருக்கின்றன. அவற்றில் பதிவு செய்ய வேலைக்கான சான்று வேண்டும். கணவனின் தறியில் வேலை செய்யும் மனைவிக்கு, மாமனாரின் தறியில் வேலை செய்யும் மருமகளுக்கு, யார் வேலையளிப்பவர்? யார் சான்று கொடுப்பது? வீட்டுத் தறியில் துணைவேலை செய்யும் பெண்ணின் உழைப்பைப் பேரூராட்சி வார்டுவாரியாகப் பதிவு செய்யலாம், அந்தப் பதிவையே சான்றாக வாரியம் ஏற்கவேண்டும் என்று ஒரு விதித்திருத்தம் கேட்டு இப்படிப்பட்ட நெசவு ஊர்களின் மன்றங்கள் ஆளுக்கொரு தீர்மானம் போட்டால் எப்படி இருக்கும்? அதற்கு அரசு ஒரு பைசா செலவழிக்கவேண்டியதில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவேண்டும், அவ்வளவுதான். தார் சுற்றும் பெண் கவுன்சிலராக இருந்தால் தோன்றும். அவரோ கூட்டத்துக்குப் போகும் நாளில் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். 2023இல்தான் நகர்ப்புற உறுப்பினர்களுக்கு மாத மதிப்பூதியம் வந்தது. பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய். சிறு தொகை. ஆனாலும் தறி வீட்டுப் பெண்ணுக்கு மன்றம் கட்டுப்படியாவதற்கு அது முதல் படி.

தறியை விட்டுச் சாராயத்துக்கு வருவோம். நெசவு ஊரில் இரண்டும் வெகுதூரத்தில் இல்லை. சனிக்கிழமை கூலி கைக்கு வரும் மாலையில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்.

ராஜாஜி அரசு 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்து 1938இல் அது போன இடங்கள் சித்தூரும் கடப்பையும். அதாவது பொதட்டூர்பேட்டை இருந்த மாவட்டம், சென்னை நகரத்துக்கு முன்பே மதுவிலக்கைப் பார்த்தது. 1971இல் தமிழ்நாட்டில் விலக்கு தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகம். இந்த வரலாற்றில் கடை திறந்தபோதும் மூடியபோதும் முடிவு மேலிருந்துதான் இறங்கியது. பெண்களின் கண்ணீர் இரண்டு தரப்புக்கும் மேடைப்பேச்சில் பயன்பட்டது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

எல்லையைத் தாண்டினால் வேறொரு கதை. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1990களின் தொடக்கத்தில் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். அவர்கள் படித்த பாடநூலில், ஓர் ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாராயக்கடையை மூடிய கதை ஒன்று இருந்தது. நாமும் மூடினால் என்ன என்று கேட்டார்கள், மூடினார்கள். ரோசம்மா என்ற பெண்ணின் பெயரோடு அந்தப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. சாராய ஏலத்தை நடத்தவிடாமல் தடுத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995 ஜனவரியில் என்.டி. ராமாராவ் அரசு முழு மதுவிலக்கு கொண்டுவந்தது. 1997இல் அடுத்த முதல்வர் அதைத் தளர்த்திவிட்டார். பெண்கள் வென்ற சட்டம் மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. கஜானாதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

இங்கே 2017இல் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே கொண்டுவந்தார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணை உயர் காவல் அதிகாரி ஓங்கி அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கிராமசபைகளில் கடை வேண்டாம் என்று தீர்மானங்கள் குவிந்தன. கடை எங்கே இருக்கலாம் என்று சொல்லும் மாநில விதி, பள்ளிக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தள்ளி என்று அளக்கிறது: நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். தூரத்தை அளக்க நாடா இருக்கிறது. அந்தத் தெருவில் இருக்கும் பெண்களின் விருப்பத்தை அளக்க விதியில் எதுவுமில்லை.

மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஊர் அல்லது வார்டின் பெண் வாக்காளர்கள் மனு கொடுத்து வாக்கெடுப்பு கேட்கலாம். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: ஒரு பாட்டில் நின்றுகொண்டிருக்கும், ஒரு பாட்டில் படுத்திருக்கும். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் கடையை மூடவேண்டும். மராத்தியில் இதை ‘ஆட்வி பாட்லி’ என்கிறார்கள், கிடந்த பாட்டில் என்று பொருள். எழுத்துத் தெரியாத கிழவியும் புரிந்துகொண்டு முத்திரை குத்தும் சட்டம். வாக்களிக்க வந்தவர்களில் பாதி போதாது, மொத்த வாக்காளர்களில் பாதி வேண்டும் என்பதால் தோற்ற ஊர்களும் உண்டு. அப்படியும், கடையை எதிர்ப்பவள் அங்கே போக்குவரத்தை மறித்து அடிவாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவளுக்கு ஒரு சீட்டு இருக்கிறது. நான் மதுவிலக்கு ஆதரவாளர் இல்லை. முழு விலக்கு கள்ளச்சாராயத்தை வளர்க்கும் என்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் என் தெருவில் கடை வேண்டுமா என்பதை என்னிடம் கேள் என்பது மதுவிலக்கு அல்ல, உள்ளாட்சி. தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பாதி இடங்களில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில், அப்படி ஒரு விதியை இயற்றக் கேட்கும் தீர்மானம் எல்லா மன்றங்களிலிருந்தும் ஒரே மாதத்தில் கோட்டைக்குப் போனால் அதைத் துறைச் செயலகத்தின் எந்த அலமாரியில் வைப்பார்கள்?

‘தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது’ என்று சலிப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது செங்கற்பட்டை. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று சிரித்தவர்கள் அதிகம். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் நடைமுறை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. ஆனால் இந்தக் கதையை இனிப்பாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. அறுபது ஆண்டு என்பது ஒரு பெண்ணின் மொத்த ஆயுள். மாநாட்டுப் பந்தலில் கைதட்டிய இருபது வயதுப் பெண்ணுக்குச் சட்டம் வந்தபோது எண்பது. தவிர, 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான பெண்களையும், அதற்கு முன்பே நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளையும் அந்தத் திருத்தம் சேர்த்துக்கொள்ளவில்லை. என் அம்மாவின் வயதுப் பெண்கள் அந்தத் தேதிக்கு இந்தப்புறம் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

மாநில அரசுக்கும் தீர்மானத்தின் அருமை தெரியும். 1967 ஜூலை 18 அன்று சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றக் கேட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 அன்று பெயர் மாறியது. ஒன்றிய அரசு மாநிலத்தை மதிக்கவேண்டும் என்பதற்காக இராஜமன்னார் குழு அமைத்தோம். 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைத்திருக்கிறோம். இந்த வழக்கை நானும் மனமாரச் சரி என்பேன். ஆனால் டெல்லியைப் பார்த்து நாம் சொல்வதை எல்லாம், நிதியைப் பறிக்காதே, கேட்காமல் முடிவெடுக்காதே, எங்கள் தீர்மானத்தை ஊறப்போடாதே என்பதை எல்லாம், ஒரு பேரூராட்சித் தலைவி கோட்டையைப் பார்த்துச் சொன்னால் அதற்கு என்ன பதில்? அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகர உள்ளாட்சிக்குப் பதினெட்டுப் பொருள்களை வரிசைப்படுத்தியிருக்கிறது. அவற்றில் எதை எப்போது கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். மாநில சுயாட்சி பேசும் நூல்களில் இந்தப் பக்கம் மெலிந்தே இருக்கிறது.

எல்லை ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022 ஆகஸ்டில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே ஆந்திரம் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டபோது, வேண்டாம் என்று நம் முதல்வர் அந்த மாநில முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எழுதவேண்டியதுதான். அந்த ஆற்றை நம்பியிருக்கும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில், கோடையில் நீர்மட்டம் எத்தனை அடி இறங்குகிறது, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்ற கணக்கைக் குடத்தோடு மனதில் வைத்திருப்பவர்கள் பெண்கள். அந்தக் கணக்கு எந்தக் கடிதத்திலும் இணைப்பாகப் போவதில்லை. படாஸ்கர் காலத்தில் மொழிக்கு நடந்த கதைதான். தலையை எண்ணுவார்கள், வாயைத் திறக்கச் சொல்லமாட்டார்கள்.

2022இல் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசமைப்பின் 243உ பிரிவு சொல்கிறது. 2016இலும் அதையேதான் சொன்னது. இடைவெளியே விழாதபடி, வார்டு மறுவரையறையையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் இத்தனை மாதத்துக்கு முன் முடித்தாகவேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, இந்த மன்றங்கள் கலைவதற்குள் தீர்மானம் போட்டு அனுப்பலாம். அதைக் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லிச் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்க எந்த உறுப்பினருக்கும் முடியும். தாளும் பேனாவும் போதும். இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. இல்லையென்றால் மறுபடியும் தனி அலுவலர் வருவார், தீர்மானப் புத்தகத்தில் ஒரே கையெழுத்து இருக்கும்.